கை நடுங்காத படம்

நிரூபன்,

நாங்கள் இங்கே நல்ல சுகம் என்று தொடங்கலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன். அப்படி எழுதினால் அடுத்த வரியிலேயே பொய்க்காரன் ஆகிவிடுவேன். வெள்ளிக்கிழமை நீ சாம்பியாவுக்கு விமானம் ஏறுகிறாய் என்று அறிந்த நாளில் இருந்து எனக்குச் சாப்பாடு தொண்டையால் இறங்கவில்லை. தொந்தி மட்டும் வைத்தபடியே இருக்கிறது, அது ஏன் என்று என்னைக் கேட்காதே. தொலைபேசியில் சொல்லலாமே என்பாய். தொலைபேசியில் நான் பகிடி விட்டுத் தப்பிவிடுவேன் என்று உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் இன்று மத்தியானம் அம்மா பேப்பரையும் பேனாவையும் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். "வாயால சொன்னா நீங்கள் சிரிச்சுப்போட்டு விட்டிடுவியள். எழுதுங்கோ. போக வேண்டாமெண்டு எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். நான் ஊரில் பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதனையில் தமிழ் ஒன்றில் மட்டும் ஒழுங்காகத் தேறியவன். அந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன். நீ சனிக்கிழமைகளில் அழுதழுது போய்ப் படித்த தமிழில் இதை மெல்ல வாசி. விளங்காத இடம் வந்தால் அம்மாவிடம் கேட்காதே. விளங்காமலே விட்டுவிடு.

முன்பு நீ போனபோதெல்லாம் ஜீப் இருந்தது. இந்த முறை நடை. காட்டுக்குள் கூடாரம் அடித்த ஒரு முகாம், அங்கே வருகிற வெள்ளைக்காரர்களை விடியக்காலையில் காட்டுக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போவார்கள், நீயும் கூட நடந்து மிருகங்களைப் படம் எடுப்பாய், அவர்களுக்கும் எடுக்கச் சொல்லிக் கொடுப்பாய், மழை தொடங்கும்வரை அதுதான் உன் வேலை. இவ்வளவும் நீ சொன்னது. எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, முன்னால் துவக்கோடு ஒரு காவலர் நடப்பார் என்பதையும் சொன்னாய். அம்மாவின் முகத்தை நீ அப்போது பார்த்திருக்க வேண்டும். நீ போன பிறகு சொன்னார்: "நாங்கள் துவக்குக்கு முன்னால இருந்து ஓடி வந்தனாங்கள். பிள்ளை துவக்குக்குப் பின்னால நடக்கப் போறானாம். இதைத்தான் முன்னேற்றம் எண்டு சொல்லுறதோ?"

பயத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை உண்டு. வேறு எந்தப் பாடத்திலும் எனக்கு இவ்வளவு அனுபவம் இல்லை. இந்த நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றபோது, பனிக்கட்டியில் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் வாத்து மாதிரி நடந்தேன். அங்கே இருந்த கிழவர் ஒருவர், எனக்கு இடுப்பில் ஏதோ நோய் என்று நினைத்துத் தன் ஊன்றுகோலைத் தந்தார். வாங்கிக்கொண்டேன். தெருவோரம் காட்டு மாட்டின் படம் போட்ட சிவப்பு முக்கோண எச்சரிக்கைப் பலகையை முதன்முதல் கண்ட நாளில், கார்க் கண்ணாடியை முழுக்க உயர்த்திவிட்டு வீடு வரும்வரை இறக்கவில்லை. இன்றைக்கும் ஒஸ்லோவில், ரொம்சோஸில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற காட்டில் மற்றவர்கள் நாயோடு நடக்கிறார்கள், நான் வெயில் நாளிலும் குடையோடு நடக்கிறேன். அம்மாவிடம் மழை வரும் என்று சொல்வேன். அம்மாவும் நம்புகிற மாதிரி நடிப்பார். இப்படிப்பட்ட ஒருவனுக்கு நீ பிள்ளையாகப் பிறந்து, சிங்கத்தின் முன்னால் முழங்காலில் இருந்து படம் எடுக்கிறாய் என்றால், ஆஸ்பத்திரியில் பிள்ளையை மாற்றித் தந்துவிட்டார்களோ என்றுகூட யோசித்திருக்கிறேன். உன் காதைப் பார்த்துத்தான் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டேன். அது என் காதேதான், பாவம் நீ.

கமராவை நீ என்னிடம் இருந்துதான் எடுத்தாய் என்று அம்மா அடிக்கடி குத்திக்காட்டுவார். உண்மைதான். கிழமை நாட்களில் பாண் சுடுகிற தொழிற்சாலை, சனி ஞாயிறுகளில் கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று படம் எடுத்தேன். என்னிடம் கலை ஒன்றும் இல்லை, சத்தம்தான் இருந்தது. "பிள்ளை, நாடியைக் கொஞ்சம் நிமிர்த்துங்கோ. மாமி, நீங்கள் கொஞ்சம் உள்ளுக்கு. அண்ணை, சாப்பாடு எங்கையும் ஓடாது, இஞ்சை பாருங்கோ." எவ்வளவு சொல்லியும் ஒருவர் கமராவைப் பார்க்காவிட்டால், இடது கையை மேலே தூக்கி விரலைச் சொடுக்குவேன். உடனே திரும்புவார்கள். தொட்டிலில் கிடக்கிற குழந்தையும் திரும்பும், மருமகனோடு கோபித்துக்கொண்டு நிற்கிற மாமனாரும் திரும்புவார். ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேராவது என் சொடுக்குக்கு ஒருமுறை திரும்பியிருப்பார்கள். கை தானாக எழும்புகிற அளவுக்கு அது எனக்குப் பழகிப்போனது. அந்தப் பழக்கம் என்ன செய்தது என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ அதைப் பகிடிக் கதையாகத்தான் எல்லாருக்கும் சொல்கிறாய். எனக்கு அது எப்படி நடந்தது என்று நீ கேட்டதே இல்லை.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். நோர்வே பாஸ்போட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சனம் எல்லாம் ஊருக்குப் பறந்தது. நீ பள்ளிக்கூடம் முடித்திருந்தாய். விரும்பிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். நீ யாழ்ப்பாணம் என்பாய் என்று நினைத்தேன். நீ கென்யா என்றாய். "சனமெல்லாம் சொந்தக்காரரைப் பாக்கப் போகுது. இவர் மகனைக் கூட்டிக்கொண்டு சிங்கத்துக்கு விருந்தாகப் போறார்" என்று அம்மா முணுமுணுத்தபடியே ஒரு பை நிறையப் பருத்தித்துறை வடை கட்டித் தந்தார். அந்தப் பையை முதல் நாளே ஒரு குரங்கு ஜீப்புக்குள் கையை விட்டுப் பறித்துக்கொண்டு போனதையும், ஒரு வடையைக் கடித்த உறைப்பில் மிச்சத்தை எங்கள் பக்கமே எறிந்ததையும் அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாய். இன்றுவரை சொல்லவில்லை. மிருகங்களோடு என் பழக்கம் அத்தோடு முடிந்திருக்கலாம்.

கடைசி நாள் விடியக்காலை. சாரதி ஜோசப் புதர் ஒன்றின் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். பெண் சிங்கம் ஒன்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூப்பிடு தூரத்தைவிடக் கிட்டத்தில் படுத்திருந்தது. நீ கமராவைக் கண்ணில் வைத்தபடி காத்திருக்கத் தொடங்கினாய். கலியாணப் படக்காரனுக்கும் பொறுமை உண்டு, ஆனால் அது பந்தி போடும்வரைக்கும்தான். என் பொறுமை போய்க் கனநேரம் ஆனது.

"அப்பா, ஆடாதேங்கோ."

"ஆடேல்லையடா. கால் விறைச்சுப் போச்சு. அது திரும்பாட்டி என்ன செய்யிறது?"

"பாத்துக்கொண்டிருக்கிறது."

"பின்பக்கத்தைப் படமெடுக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"ஷ்ஷ்..."

அதன் பிறகு நடந்ததை நான் செய்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. என் இடது கை எழும்பியது, விரல் சொடுக்கியது, வாய் "இஞ்சை!" என்றது. பெண் சிங்கம் திரும்பியது. மணப்பெண் திரும்புகிற மாதிரி அழகாகத் திரும்பியது. ஆனால் அது உன் கமராவைப் பார்க்கவில்லை. கூப்பிட்டவன் யார் என்று தேடி, என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதோ ஒரு பாஷையில் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அது என்னை யார் என்றும் பார்க்கவில்லை, எவ்வளவு என்றுதான் பார்த்தது. பிறகு எழும்பி, அவசரம் இல்லாமல் என் பக்கம் நடந்து வந்தது. ஜீப் கண்ணாடி திறந்து கிடந்தது. ஜோசப் அசையாமல் ஏதோ ஒன்றை மூச்சோடு மூச்சாகச் சொன்னார். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், ஆனாலும் அசையாதே என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் விளங்குகிற வயிறு எனக்கு. அது கண்ணாடிக்குக் கீழே வந்து நின்றபோது அதன் மூச்சுச் சத்தம் கேட்டது, பழைய இரத்தமும் ஈரப் புல்லும் கலந்த மணம் வந்தது. "ரூலி, அப்பா, ரூலி" என்று நீ மெல்லச் சொன்னாய். சிறுவர் பாடசாலையில் அழுகிற பிள்ளைகளை அமைதிப்படுத்த அந்த நோர்வே ஆசிரியைகள் சொல்வார்களே, அதே சொல், அதே இராகம். நான் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி உன்னைப் பார்த்தேன். கமரா உன் கண்ணில் இருந்து இறங்கவில்லை. உன் கன்னத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. சிங்கத்தைக் கண்ட பயத்தை அந்தக் கன்னத்தைக் கண்ட பயம் விழுங்கிவிட்டது.

அது டயரை மணந்து பார்த்துவிட்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கத்து நிழலுக்குப் போய்ப் படுத்தது. ஜோசப் நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்தார். பிறகு நிமிர்ந்து உன்னிடம் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"உங்கட ஊரில சிங்கத்தைச் சொடுக்கித்தான் கூப்பிடுறவையோ எண்டு கேக்கிறார்."

"எங்கட ஊரில சிங்கம் இலங்கைக் கொடியில மட்டும்தான், சொடுக்காமலே வரும் எண்டு சொல்லு."

நீ அதை மொழிபெயர்க்கவில்லை. சிரித்துச் சிரித்து ஜீப்பின் கதவில் சாய்ந்துவிட்டாய். நானும் சிரித்தேன். ஆனால் வரும் வழியெல்லாம் எனக்குள் ஓடியது ஒரே கேள்விதான்: என் பிள்ளைக்கு ஏன் பயம் வரவில்லை?

வீட்டுக்கு வந்து, படங்களை எல்லாம் டிவியில் போட்டு அம்மாவுக்குக் காட்டினாய். பெண் சிங்கத்தின் முதுகு வந்தது, ஒவ்வொரு மயிராக எண்ணலாம். அடுத்தது அது திரும்பிய படங்கள். அவற்றை மட்டும் நீ வேகமாகத் தள்ளினாய். "ஏன் ஓடுறாய்? நிப்பாட்டு" என்றேன். "அது சரிவரேல்லை அப்பா. ஃபோகஸ் பிழைச்சுப் போச்சு." நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டப் போனேன். படிப்பு இல்லாவிட்டாலும் எத்தனை ஆயிரம் படம் கழுவியவன் நான். ஃபோகஸ் பிழைத்தால் முன்னுக்கோ பின்னுக்கோ ஓரிடமாவது தெளிவாக விழுந்திருக்கும். இதில் சிங்கமும் புல்லும் ஜன்னல் விளிம்பும் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தன. அதே வெளிச்சத்தில், அதே லென்ஸால், கொஞ்ச நேரத்துக்கு முன் எடுத்த முதுகு கல்லு மாதிரி நிற்கிறது. ஆக, கைதான். உன் கை நடுங்கியிருக்கிறது. கன்னம் மறைத்துவிட்டது, கை மறைக்கவில்லை. "ஓமோம், ஃபோகஸ்தான்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனேன். பிள்ளை நடுங்கியதற்குச் சந்தோசப்பட்ட தகப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேத்தலுக்குத் தண்ணீர் விட மறந்துபோய் அதைக் கருக்கியதற்கு அம்மாவிடம் வாங்கிய பேச்சுக்கூட எனக்குப் பாட்டு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நீ தனியாகப் போய் வந்தாய், திரும்பவும் போனாய். நான் பயந்தேன், ஆனால் அது சாதாரணப் பயம், வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரக் கூடிய பயம். உன் கையை எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் இருந்தேன். இந்த வசந்தத்தில் நூலக மண்டபத்தில் உன் படங்களைத் தொங்கவிட்டார்களே, அன்றைக்குத்தான் அந்த நம்பிக்கை போனது. சுவர் உயரத்துக்கு ஒரு கிழட்டு ஆண் சிங்கம், ஆற்று மணலில் நேருக்கு நேர். முகாமில் வேலை கேட்கப் போன இடத்தில், ஜீப்பை விட்டிறங்கி, மணலில் முழங்காலில் இருந்து எடுத்தது என்று கீழே எழுதியிருந்தது. அம்மா எங்கள் சனத்தை எல்லாம் ஐந்தாம் நம்பர் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரு அண்ணர் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதுக்குள் கேட்டார்: "தம்பி நல்லாத்தான் எடுக்கிறார். கலியாணவீட்டுக்கும் வருவாரோ?" சென்னையில் இருந்து வேலைக்கு வந்திருக்கிற அந்த இஞ்சினியர் தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், சான்ஸே இல்ல சார்! அந்த மீசையைப் பாருங்க, என்னா ஷார்ப்பு! ஒரு பொட்டு ஆடல!" அவர் பாராட்டத்தான் சொன்னார். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைவரை தேடினேன். மணல், புல், மீசை, கண்ணில் தெரிகிற வானம். ஒரு பொட்டு ஆடவில்லை. நீ பின்னால் வந்து என் தோளில் கையைப் போட்டாய்.

"என்னப்பா, பிழை பிடிக்கிறியளோ?"

"பயமா இருக்கேல்லையோ உனக்கு?"

"இல்லையப்பா. அதுகளுக்கு எங்களைத் தெரியும். பழகிட்டுதுகள்."

நீ அதைச் சொன்ன மாதிரியே, கிட்டத்தட்ட அதே சொற்களில், நான் முன்பு ஒருவன் வாயால் கேட்டிருக்கிறேன். ஊரில் ராசன் என்று எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். எங்கள் சந்தியில் ஆமிக்காரரின் காவல் அரண் வந்த பிறகு நாங்கள் எல்லாம் வயல் வழியாகச் சுற்றிப் போனோம். அவன் மட்டும் சைக்கிளில் அதற்கு முன்னாலேயே போவான். தொடக்கத்தில் அவனும் இறங்கி, தொப்பியைக் கழற்றி, வியர்த்துக்கொண்டுதான் உருட்டினான். பிறகு இறங்காமல் போனான். பிறகு பாட்டுப் படித்துக்கொண்டு போனான். "அவங்களுக்கு என்னைத் தெரியுமடா, பழகிட்டாங்கள்" என்று எங்கள் பயத்தைப் பார்த்துச் சிரிப்பான். அவன் சொன்னது பொய்யில்லை. அங்கே நின்ற பையன்களுக்கு அவனைத் தெரியும், ஒருவன் அவனுக்குக் கை காட்டுவதை நானே கண்டிருக்கிறேன். ஒருநாள் காவலுக்கு நின்றவன் புதியவன். அவ்வளவுதான் கதை. இதை நான் உனக்குச் சொன்னதில்லை, சொல்லுமளவுக்கு இதில் வேறு ஒன்றும் இல்லை. அவன் முட்டாளும் இல்லை, வீரனும் இல்லை. பயப்படுவதை விட்டுவிட்டான், அதுதான்.

எல்லாரும் தங்கள் பிள்ளைகளுக்குப் பயப்படாதே என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். நானும் உனக்கு அதைத்தான் சொன்னேன், நீச்சல் குளத்தில், பல் டொக்டரிடம், முதல் நாள் பள்ளிக்கூட வாசலில். இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பயப்படு, ராசா. உன்னோடு பழகிய சிங்கம் என்று ஒன்று இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் நாளைக்கு அந்தப் புல்லுக்குப் பின்னால் படுத்திருப்பது அதுதான் என்று உனக்கு யார் சொன்னது? துவக்கோடு முன்னால் நடக்கிற மனுஷன் நின்றால் நில். அவர் முகத்தில் பயம் தெரிந்தால் நீ படத்தை விட்டுவிடு. உன் நெஞ்சு அடிக்காத நாளில் கூடாரத்தை விட்டுப் போகாதே. இவ்வளவுதான் என் புத்திமதி. குடையோடு நடக்கிறவனின் புத்திமதி என்று சிரிக்கலாம், சிரித்துவிட்டுக் கேள்.

அம்மா வந்துவிட்டார். பைகளை மேசையில் வைத்துவிட்டு, "எழுதினீங்களோ?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். "போக வேண்டாமெண்டு?" நான் தலை குனிந்து பேனா மூடியைத் தேடினேன். அவர் கத்தரிக்காயைக் கழுவப் போய்விட்டார். முதுகைப் பார்த்தாலே தெரிகிறது, அவருக்கு விளங்கிவிட்டது. நான் அந்த வரியை எழுதத்தான் இருந்தேன், நிரூபன். ஆனால் நான் எடுத்த படங்களில் இருக்கிற அத்தனை பேரும் நான் கூப்பிட்டுத் திரும்பியவர்கள். நான் இல்லாதபோது அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிழட்டுச் சிங்கம் தானாகத் திரும்பியிருக்கிறது. நீ காத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, இது வேண்டாம், வீட்டுக்கு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பேனாவும் வரவில்லை.

அதற்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். தெளிவாக விழுந்த படங்களை நூலகத்துக்குக் கொடு, புத்தகக்காரருக்குக் கொடு, அந்த இஞ்சினியர் தம்பிக்கும் காட்டு. எனக்கு நீ அழிக்கப் போகிற படங்களை அனுப்பு. கை ஆடி, புல்லும் மிருகமும் ஒரே பக்கமாக இழுபட்டுப் போன படங்கள் வரும் அல்லவா, அவற்றை அழிக்காமல் மின்னஞ்சலில் எனக்குப் போட்டுவிடு. ஒன்றும் எழுத வேண்டாம். அம்மா எட்டிப் பார்த்தால் ஃபோகஸ் பிழைத்துப் போச்சு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அப்படி ஒன்று வந்த நாளில் நான் நித்திரை கொள்வேன். கனநாளாக ஒன்றும் வராவிட்டால் நானே அங்கே வந்து இறங்கிவிடுவேன். மிருகங்களின் நன்மைக்காகவாவது அந்த நிலைமையை உண்டாக்காதே.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் நான் பகிடிதான் விடுவேன். அம்மா பார்த்துக்கொண்டிருப்பார், அதனால் நீயும் சிரித்துவிடு. கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் கட்டிப்பிடி. என் கையை மட்டும் பிடிக்காதே.

அப்பா